உடைந்த கண்ணாடி மீன் தொட்டியைச் செப்பனிடும் முறை

குடியானவர்கள் பயிர்த்தொழிலுக்குத் துணையாகக் கைக்கொள்ளத்தக்க சிறு தொழில்களுள் அழகு மீன் வளர்ப்பும் ஒன்று. கறவை மாட்டுக்கு வேண்டிய இடமும் தீவனமும் இதற்கு வேண்டுவதில்லை. வெயில் நேராகப் படாத ஒரு மூலை, மருந்து கலவாத கிணற்று நீர், காலையும் மாலையும் சிறிது நேரக் கவனம் ஆகிய இவை இருந்தால் போதும். கும்பகோணம், சிதம்பரம், ஜெயங்கொண்டம் ஆகிய ஊர்களுக்குச் செல்லும் சாலைகள் கூடுகின்ற மீன்சுருட்டி போன்ற இடங்களில், வீடுகளிலும் கடைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கண்ணாடித் தொட்டி வைப்பது இப்போது புதுமையன்று. தொட்டிகள் உடைவதும் புதுமையன்று. துடைக்கும்போது கைதவறி விழுந்த கல், பிள்ளைகள் எறிந்த பந்து, ஒரு கால் தாழ்ந்த மேசை ஆகிய இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். நல்ல தொட்டியில் ஒரு பலகை விரிந்துவிடுகிறது.

அப்படி விரிந்த தொட்டியைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதிது வாங்குவோர் சிலர். விரிசலின்மேல் கையில் அகப்பட்ட பசையைப் பூசி, அன்று மாலையே தண்ணீர் நிரப்பி மீனை விடுவோர் பலர். முன்னவருக்கு வீண் செலவு. பின்னவருக்கோ, எல்லோரும் உறங்கும் வேளையில் பூச்சு பெயர்ந்து, 50 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரும் கண்ணாடித் துண்டுகளும் தரையெங்கும் பரவும் அபாயம் உண்டு. பக்கத்தில் மின்சாரச் சொருகி இருந்தால் அபாயம் உயிர்மட்டும் செல்லும். இவ்விரண்டும் வேண்டுவதில்லை. தொட்டியிலுள்ள ஐந்து பலகைகளுள் ஒன்று கெட்டால் மற்ற நான்கும் கெட்டுவிடுவதில்லை. கெட்ட ஒன்றை மட்டும் கழற்றி, அதே அளவில் வேறொன்றைப் பொருத்தி, பசை இறுகும்வரை பொறுத்திருந்தால் தொட்டி முன்போலவே பல ஆண்டு உழைக்கும். இவ்வேலைக்குத் தச்சரோ கொல்லரோ வேண்டுவதில்லை. வேண்டுவது சுத்தமும் பொறுமையுமே.

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கம் தோன்றி இன்னும் 200 ஆண்டு நிறையவில்லை. 1850-இல் இங்கிலாந்தில் ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன அறிஞர், மீனையும் நீர்ச்செடியையும் ஒரே பாத்திரத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று ஆதரவாக வாழும் என்பதைச் சோதித்து வெளியிட்டார். 1853-இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்கள் காணத்தக்க மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. சென்னைக் கடற்கரையில் அத்தகைய காட்சிசாலை ஒன்று, சென்னைப் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்பவரது முயற்சியால் 1909-இல் ஏற்பட்டு, உலக யுத்தத்தின்போது 1942-இல் மூடப்பட்டது. அக்காலத்து வீட்டுத் தொட்டிகள் பெரும்பாலும் இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து மக்கினால் அடைக்கப்பட்டவை. சட்டமே கண்ணாடியைத் தாங்கும். மக்கு ஒழுக்கை மட்டும் தடுக்கும். இப்போதைய தொட்டிகளுக்குச் சட்டம் கிடையாது. 1960-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் சிலிக்கோன் பசை வழக்கத்துக்கு வந்தபின், கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டியே தொட்டி செய்யப்படுகிறது. ஆகவே இன்றைய தொட்டியில் பசையே சட்டம், பசையே மக்கு. பழுது பார்ப்பவர் இதனை மறவாதிருந்தால் பின்வரும் விதிகள் யாவும் தாமே விளங்கும்.

முதலில் மீன்கள்

விரிசல் கண்டவுடன் சுவரிலுள்ள ஸ்விச்சை நிறுத்தி, காற்று மோட்டார், விளக்கு முதலியவற்றின் இணைப்பை நீக்கவேண்டும். ஈரக் கையோடு சொருகியைத் தொடலாகாது. அதன்பின் ரப்பர்க் குழாய் ஒன்றினால் தண்ணீரைத் தாழ இருக்கும் அகன்ற தொட்டியில் இறக்கவேண்டும். இந்தத் தண்ணீரைக் கொட்டிவிடலாகாது. மீன்கள் பழகிய நீர் அதுவே. அதிலேயே அவற்றை விடவேண்டும். விரிசல் உயரத்தில் இருந்தால், தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் அவசரம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மீன்களை மாற்றிவைக்கும் பாத்திரத்தைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். கிராமத்து வீட்டில் அகன்ற பாத்திரம் என்றதும் பித்தளை அண்டாவும் செப்புத் தவலையுமே நினைவுக்கு வரும். செம்பு மனிதருக்கு நல்லதாயினும் மீனுக்கு விஷம். நீரில் மிகச் சிறிதளவு கரைந்தாலும் மீன்கள் தளர்ந்துவிடும். ஆதலால் செம்பும் பித்தளையும் ஆகா. பிளாஸ்டிக் தொட்டியோ, பழகிய சிமெண்டுத் தொட்டியோ ஏற்றது. சோப்பு வாடை வீசும் வாளி கூடாது. பூச்சிமருந்து வந்த டப்பாவையோ, மருந்து கலக்கிய வாளியையோ எத்தனை முறை கழுவியிருப்பினும் கண்டிப்பாக உபயோகிக்கலாகாது. பருத்திக்கும் முந்திரிக்கும் இக்காலத்தில் தெளிக்கும் சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள், மாட்டுக்கும் மனிதருக்கும் செய்வதைவிடப் பன்மடங்கு தீங்கை மீனுக்குச் செய்பவை. மருந்து தெளித்துவிட்டு வந்த கையைத் தொட்டிக்குள் விட்டதனாலேயே மீன்கள் மாள்வதுண்டு. தொட்டி உடைந்த பதற்றத்தில் இதனை மறந்துவிடுதல் எளிது.

வடிகட்டியிலுள்ள பஞ்சையும் கூழாங்கல்லையும் குழாயடியில் கழுவிச் சுத்தம் செய்வது மற்றொரு பிழை. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை மாற்றிக் கேடற்றதாக்கும் நுண்ணுயிர்கள் அவற்றில்தான் குடியிருக்கின்றன. அவற்றை உலரவிடாமல் பழைய தண்ணீரிலேயே மூழ்கவைத்து, காற்று மோட்டாரையும் அங்கேயே ஓடவிட்டால், பழுது முடிந்த அன்றே தொட்டி மீனுக்கு ஏற்றதாகிவிடும். இடைக்காலத்தில் இரை குறைவாகப் போதும். நன்கு வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் இரையின்றி இருப்பதனால் கேடில்லை; சிறு பாத்திரத்தில் மிகுதியாக இரையிட்டு நீரைக் கெடுப்பதே கேடு. மீன் துள்ளி வெளியே விழாதபடி மேலே வலைத்துணி கட்டவேண்டும்.

இடம் போதவில்லை என்று மீன்களை ஏரியிலோ குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடும் வழக்கமும் உண்டு. இரக்கத்தினால் செய்யும் செயலாயினும் இது தவறு. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று வாங்கப்படும் சக்கர் மீன் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. முள்ளும் எலும்புத் தகடுமாக இருப்பதனால் நம் நீர்நிலைகளில் அதனை உண்ணும் பிராணி அரிது. தமிழ்நாட்டுப் பல நீர்நிலைகளில் அது பெருகி, வலைகளைக் கிழித்து, நாட்டு மீன்களின் இரையையும் முட்டையையும் தின்று வருகிறது. கரையில் வளை தோண்டும் இயல்பும் அதற்கு உண்டு. கொசுப்புழுவைத் தின்பதற்காக 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட காம்பூசியா மீனும் நாட்டுச் சிறு மீன்களை நெருக்குவது பல இடங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஏரிமீன் குத்தகையிலிருந்து ஊருக்கு வருமானம் உள்ள இடங்களில், கிராம அதிகாரிகளும் ஊராட்சி மன்றத்தாரும் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பது நலம். வளர்க்க இயலாத மீனை அயல்வீட்டாருக்கோ விற்ற கடைக்கோ கொடுத்துவிடலாம்.

தண்ணீரின் தள்ளுகை

பழுதின் அளவை நிதானிப்பதற்குமுன், பலகை எத்துணைப் பாரத்தைத் தாங்குகிறது என்பதை அறியவேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் அமைத்த சோழகங்கமாகிய பொன்னேரியின் கரையையும், காட்டுமன்னார்கோயிலுக்கு அடுத்த வீராணத்தின் கரையையும் பார்த்தவர்கள், ஏரிக்கரை உச்சியில் குறுகியும் அடியில் அகன்றும் இருப்பதைக் கண்டிருப்பார்கள். மேல்மட்டத்தில் தண்ணீர் கரையைத் தள்ளுவதே இல்லை எனலாம். ஆழம் செல்லச் செல்லத் தள்ளுகை மிகும்; அடியில் மிகப் பெரிதாயிருக்கும். ஏரி எத்துணைத் தொலைவு பரந்திருக்கிறது என்பதனால் இத்தள்ளுகை கூடுவதில்லை; ஆழம் எவ்வளவு என்பதே கணக்கு.

கண்ணாடித் தொட்டிக்கும் இதுவே விதி. 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 57 லிட்டர் தண்ணீர் கொள்ளும். அதன் எடை 57 கிலோ. இத்தொட்டி நிறைந்திருக்கும்போது முன்பலகையை மட்டும் தண்ணீர் ஏறக்குறைய 28 கிலோ அளவுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதே தொட்டி ஒன்றரை அடி உயரமாயிருந்தால், கொள்ளும் தண்ணீர் ஒன்றரை மடங்கே ஆனாலும், முன்பலகையின்மேல் தள்ளுகை 64 கிலோ ஆகிவிடும். அதாவது இரண்டேகால் மடங்கு. ஒரு மூட்டை யூரியாவின் எடை 45 கிலோ என்பதை நினைத்துப் பார்த்தால், பகலும் இரவும் இடைவிடாமல் பசையை இழுத்துக்கொண்டிருக்கும் பாரம் எத்தகையது என்பது விளங்கும். ஏரிக்கரையைப் போலக் கண்ணாடியை அடியில் தடிப்பாகவும் மேலே மெல்லியதாகவும் செய்ய இயலாது. ஆகையால் அடியில் வேண்டிய தடிப்பையே முழுப் பலகைக்கும் கொள்ளவேண்டும். 1 அடி உயரத் தொட்டிக்கு 5 மில்லிமீட்டர்க் கண்ணாடிக்குக் குறையக்கூடாது. ஒன்றரை அடிக்கு 8 மில்லிமீட்டர் நலம். விலை குறைவென்று ஜன்னலுக்குப் போடும் 3 மில்லிமீட்டர்க் கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பது வேண்டாத சோதனை.

இனிப் பழுதின் வகை. விளிம்பில் ஒரு சிறு சில்லு பெயர்ந்து, அது பலகையின் மறுபுறம்வரை செல்லாமலும் பசைவாயைத் தொடாமலும் இருந்தால், தொட்டியை அவ்வாறே விட்டுவிடலாம். கைபடாதபடி சாணைக்கல்லால் தேய்த்துவிட்டால் போதும். பலகை நலமாயிருந்து மூலையில் மட்டும் தண்ணீர் கசிந்தால், அது கண்ணாடியின் பழுதன்று, பசையின் பழுது. அதற்கு உட்பூச்சை மட்டும் புதுப்பிக்கவேண்டும். கோடுபோன்ற விரிசல் ஒன்று பலகையில் ஓடியிருந்தால், அது சிறிதாயினும் பெரிதாயினும், பலகையை மாற்றுவதே முறை. கண்ணாடி மரத்தைப் போன்றதன்று. மரத்தில் வெடிப்பு ஓரிடத்தில் நின்றுவிடும். கண்ணாடியிலோ விரிசலின் நுனியில் பாரம் முழுவதும் வந்து கூடுவதனால், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அது மேலும் ஓடியே தீரும்.

உடனே புதுப்பலகை கிடைக்காத சமயத்தில் ஒட்டுப் போடுவது உண்டு. அப்போது விரிசலுக்கு நாற்புறமும் 2 அங்குலம் மிகுந்திருக்கும்படி ஒரு கண்ணாடித் துண்டை வெட்டி, முகம் முழுவதும் பசை தடவி, தொட்டியின் உட்புறத்தில் ஒட்டவேண்டும். உட்புறம் என்பதே இதில் முக்கியம். ஏரிக்கரையில் ஓட்டை கண்டால், தண்ணீர் வெளிவரும் வாயை அடைத்து ஒருவரும் வெற்றி பெறுவதில்லை. உள்ளே நீர் சுழித்து இறங்கும் இடத்தைத் தேடி, வைக்கோலும் களிமண்ணும் இட்டு மூடுவார்கள். உள்ளிருக்கும் ஒட்டைத் தண்ணீரே அழுத்திப் பிடித்துக்கொள்ளும்; வெளியிலுள்ள ஒட்டைத் தண்ணீரே பெயர்த்துத் தள்ளும். அடிப்பலகையில் விரிசல் விழுந்து, அதனைக் கழற்றுவது தொட்டி முழுவதையும் பிரிப்பதற்குச் சமமாகும்போது, உள்ளே அடங்கும்படி இன்னொரு முழுப்பலகையை அதன்மேல் படுக்கவைத்து ஒட்டிவிடுவதும் இம்முறைப்படியே சரியானது. பக்கப் பலகைகளுக்கு ஒட்டுப் போடுவது தற்காலத்துக்கே ஆகும். தண்ணீரைப் பாதிக்குமேல் நிரப்பலாகாது.

பலகையைக் கழற்றலும் அளவெடுத்தலும்

வேலை தொடங்குமுன் தடித்த தோல் கையுறை அணிந்து, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, உடைந்த பலகையின் இருபுறமும் அகன்ற ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிடவேண்டும். அவ்வாறு செய்தால் பலகை துண்டு துண்டாகச் சிதறாது. நாவிதர் உபயோகிக்கும் மெல்லிய பிளேடை உள்மூலைப் பூச்சில் செலுத்தி மேலிருந்து கீழாக அறுத்து, பின் இரு கண்ணாடிகளுக்கும் இடையிலுள்ள பசையைச் சிறிது சிறிதாக அறுக்கவேண்டும். பலத்தினால் நெம்பலாகாது; நெம்பினால் நல்ல பலகையும் விரியும். இடையில் நுழைய பிளேடு மறுத்தால், மெல்லிய கிடார்த் தந்தியையோ மீன் தூண்டில் கம்பியையோ இருபுறமும் பிடித்து அறுப்பது எளிது.

புதுப் பலகைக்கு அளவு கொடுக்கும்போது பிழை நேர்வது வழக்கம். பெரும்பாலான தொட்டிகளில் முன்பலகையும் பின்பலகையும் முழு நீளத்துக்கு இருக்க, பக்கப் பலகைகள் இரண்டும் அவற்றின் நடுவே அடங்கியிருக்கும். ஆகவே 30 சென்டிமீட்டர் அகலத் தொட்டிக்கு 30 சென்டிமீட்டர்ப் பக்கப் பலகை வெட்டினால் அது உள்ளே நுழையாது. இருபுறத்துக் கண்ணாடியின் தடிப்பு 1 சென்டிமீட்டரும், பசைக்கு இருபுறமும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் போக, 28.8 சென்டிமீட்டரே சரியான அளவு. கணக்கைவிட நம்பத்தக்கது, கழற்றிய பலகையையே நாடாவோடு சேர்த்துக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோவது. அது சிதறியிருந்தால் எதிர்ப்புறத்துப் பக்கப் பலகையை அளக்கலாம். ஜெயங்கொண்டத்திலோ காட்டுமன்னார்கோயிலிலோ சாதாரணக் கண்ணாடிக் கடையில் இது வெட்டிக் கிடைக்கும். பதமேற்றிய கண்ணாடி என்று சொல்லப்படும் கெட்டிக் கண்ணாடி வேண்டாம்; அதனைப் பின்னர் அறுக்கவோ தேய்க்கவோ முடியாது. வெட்டிய விளிம்புகளை நனைந்த சாணைக்கல்லால் மெதுவாகத் தேய்த்து முனை மழுக்கவேண்டும். இது கைக்காக மட்டுமன்று. விளிம்பிலுள்ள கண்ணுக்குத் தெரியாத சில்லுகளிலிருந்தே பின்னாளில் விரிசல்கள் புறப்படுகின்றன.

சுத்தம் செய்தலும் ஒட்டுதலும்

செப்பனிட்ட தொட்டிகள் மீண்டும் ஒழுகுவதற்குப் பெருங்காரணம் ஒன்றே: பழைய பசையைச் சரியாகச் சுரண்டாமை. சிலிக்கோன் பசை கண்ணாடியை உறுதியாகப் பற்றும். ஆனால் இறுகிப்போன பழைய சிலிக்கோனை நன்றாகப் பற்றாது. பழைய பசையின்மேல் புதுப் பசையைப் பூசுவது, எண்ணெய் தடவிய சுவரின்மேல் சுண்ணாம்பு அடிப்பதைப் போன்றது. பார்வைக்கு மூடியதுபோல் இருக்கும், உரித்தால் தோல்போல வந்துவிடும். ஆகையால் புதுப்பலகை தொடும் விளிம்புகளெல்லாவற்றிலும் பிளேடைச் சாய்த்துப் பிடித்து, விரலால் தடவினால் வழுவழுப்போ பிசுபிசுப்போ தெரியாதவரை சுரண்டவேண்டும். அத்துடன் தொட்டியின் மற்ற உள்மூலைகளில் ஓடும் உட்பூச்சையும் முழுவதும் எடுத்துவிடுவது நலம். புதுப்பூச்சு பழைய பூச்சைச் சந்திக்கும் மூலையே கசிவுக்கு வாயிலாகும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் புதிதாகப் பூசினால் அந்தச் சந்திப்பே இராது. மற்றப் பலகைகளின் நடுவிலிருந்து அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பசையை மட்டும் தொடவேண்டுவதில்லை.

சுரண்டியபின் வெள்ளைத் துணியில் ஸ்பிரிட்டோ அசிட்டோனோ நனைத்துத் துடைக்கவேண்டும். துணியில் அழுக்குத் தெரியாதவரை துணியை மாற்றி மாற்றித் துடைத்து, பின்னர் அவ்விடத்தை வெறும் விரலால் தொடாதிருக்கவேண்டும். விரலிலுள்ள எண்ணெய்ப் பசையே ஒட்டைக் கெடுக்கப் போதும். இவ்விரண்டும் எளிதில் தீப்பற்றுவன. அடுப்பும் பீடியும் அருகில் கூடா.

பசை வாங்கும்போது மீன் தொட்டிக்கென்று குறிப்பிட்டதையே கேட்டு வாங்கவேண்டும். குளியலறைக்கும் சமையலறைக்கும் விற்கும் சிலிக்கோனில் பூஞ்சணம் பிடியாதிருக்க மருந்து சேர்ப்பதுண்டு. அம்மருந்து மீனுக்கு ஆகாது. இரு குழம்புகளைப் பிசைந்து ஒட்டும் எபாக்ஸி கல்போல் இறுகுவதனால், தண்ணீர் நிரம்பும்போது சிறிது வளையும் கண்ணாடியோடு வளையாமல் பெயர்ந்துவிடுகிறது. சிலிக்கோனுக்கு உள்ள சிறப்பு, இறுகியபின்னும் ரப்பரைப்போல் வளைந்து கொடுப்பதே. தொட்டிக்குரிய சிலிக்கோன் பெரும்பாலும் காடிபோன்ற புளிப்பு வாடை வீசும். அது கேடன்று; ஆனால் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யவேண்டும்.

பசையைத் தொடுவதற்குமுன் ஒருமுறை வெறும் பலகையைப் பொருத்திப் பார்த்து, எங்கு முட்டுக்கொடுப்பது, யார் எப்பக்கம் பிடிப்பது என்பதைத் தீர்மானித்துக்கொள்ளவேண்டும். பசை வெளிவந்தபின் யோசிக்க நேரமிராது. நம் நாட்டு ஈரக்காற்றில் பத்து நிமிஷத்துக்குள் மேலே தோல் படிந்துவிடும். பூசவேண்டிய இடத்துக்கு இருபுறமும் காகித நாடாவை ஒட்டிக்கொண்டால் வேலை துப்புரவாயிருக்கும். பலகை நிற்கவேண்டிய விளிம்பின் நடுவில், அறாத ஒரே சரடாகப் பசையைப் பிதுக்கிச் செல்லவேண்டும். சரடு இடையில் அறுந்தால் அங்கே காற்றுக்குமிழி தங்கும். பலகையை நேராக இறக்கி, பசை இருபுறமும் சிறிது பிதுங்கும்வரை ஒரே சீராக அழுத்தவேண்டும். பலங்கொண்டமட்டும் அழுத்திப் பசை முழுவதையும் வெளியேற்றுவது பிழை. ஒரு மில்லிமீட்டர்த் தடிப்பேனும் இடையில் தங்கவேண்டும். கண்ணாடியோடு கண்ணாடி நேரே முட்டினால் அவ்விடத்தில் விரிசல் பிறக்கும்.

பலகை நின்றதும் வெளியில் ஒட்டுநாடாவால் இழுத்துக் கட்டி, துணி சுற்றிய செங்கல்லை முட்டாக வைத்து, உடனே உள்மூலைகளில் பூச்சைப் போடவேண்டும். கையுறை அணிந்த விரலாலோ ஐஸ் குச்சியாலோ ஒரே இழுப்பில் தடவி, தோல் படியுமுன் காகித நாடாவை உரித்துவிடவேண்டும். அழகுக்காகத் திரும்பத் திரும்பத் தடவுவது வேண்டாம். முதல் இழுப்பிலேயே நின்றதுதான் உறுதியானது.

காத்திருத்தல்

இனிச் செய்யவேண்டுவது ஒன்றுமில்லை. ஆயினும் பெரும்பாலோர் பிழை செய்வது இங்கேதான். பசை மேலே தொட்டுப் பார்க்கும்போது காய்ந்ததுபோல் தோன்றும். உள்ளே வெண்ணெய்போல் இருக்கும். சிலிக்கோன் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று, வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக நாளொன்றுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழமே இறுகுகிறது. வெயிலில் வைத்தால் விரைவில் காயும் என்று எண்ணித் தொட்டியை வாசலில் வைப்பது அறியாமை. இது சாணி வரட்டி அன்று. ஐப்பசி, கார்த்திகை மாதத்து ஈரக்காற்று அதற்குத் துணையே அன்றித் தடையன்று. 1 அடி உயரத் தொட்டிக்கு மூன்று நாளும், அதனினும் உயர்ந்ததற்கு ஒரு வாரமும் அசைக்காமல் விட்டுவைக்கவேண்டும். காடி வாடை முற்றிலும் நீங்கியிருப்பது இறுகியதற்கு ஓர் அடையாளம்.

சோதனையை வீட்டுக்குள் செய்யாமல் முற்றத்தில், சமமான தரையில் செய்யவேண்டும். முதலில் கால் பங்கு தண்ணீர் நிரப்பிச் சில மணி நேரமும், பின் அரைப் பங்கு நிரப்பிச் சில மணி நேரமும் பார்த்து, அதன்பின்னரே நிறைக்கவேண்டும். தொட்டியின் அடியோரங்களில் உலர்ந்த செய்தித்தாளை விரித்துவைத்தால் ஒரு துளி கசிந்தாலும் காட்டிவிடும். நிறைந்த தொட்டியின் நீர்மட்டத்தைக் கண்ணாடியில் கோடிட்டு ஒரு நாள் விட்டால், மறுநாள் மட்டம் சிறிது இறங்கியிருக்கும். அது கசிவா, காற்றில் ஆவியானதா என்று ஐயம் எழும். அருகிலேயே ஓட்டையில்லாத, நேரான பக்கங்களையுடைய ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதிலும் கோடிட்டு வைத்தால் ஐயம் தீரும். இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் தொட்டி நலம். தொட்டியில் மிகுதியாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு. சோதித்த தண்ணீரைக் கொட்டி, இருமுறை வெறும் நீரால் அலம்பியபின் பழைய தண்ணீரையும், வைத்திருந்த கூழாங்கல்லையும் வடிகட்டியையும் சேர்க்கலாம். குறைவுக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதாயிருந்தால், அதிலுள்ள குளோரின் நீங்க ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்த பிறகே ஊற்றவேண்டும்.

தொட்டியை மீண்டும் வைக்கும் மேசையை மட்டப்பலகை வைத்துப் பார்ப்பது அவசியம். ஒரு மூலையில் ஒரு சிறு கூழாங்கல் அகப்பட்டிருந்தாலும் 57 கிலோ பாரத்தில் அடிப்பலகை அவ்விடத்தில் விரியும். அரை அங்குலத் தெர்மோகோல் பலகையை அடியில் விரித்தால் சிறு மேடுபள்ளங்களை அது ஏற்றுக்கொள்ளும். தண்ணீரோடு தொட்டியைத் தூக்குவதும், ஒரு புறத்தை மட்டும் உயர்த்தி நகர்த்துவதும் பசைவாயை முறுக்கிவிடும். கோடையில் வெயில்பட்டுச் சூடேறிய கண்ணாடியின்மேல் குளிர்ந்த கிணற்று நீரைக் கொட்டுவதும் கூடாது. பள்ளிக்கூடத்திலோ சுகாதார நிலையத்திலோ கொசுப்புழு தின்னும் மீன்களுக்காகத் தொட்டி வைத்திருந்தால், அதனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பது நலம். பலருக்குப் பொதுவான தொட்டியில் கசிவை முதலில் கண்டவர் பிறர் சொல்வார் என்று போய்விடுகிறார்.

கழற்றிய கண்ணாடியை எருக்குழியிலோ குப்பைமேட்டிலோ போடலாகாது. அடுத்த கோடையில் அந்த எருவோடு அது வயலுக்குச் செல்லும். நடவு செய்யும் பெண்களின் காலிலும் உழவு மாட்டின் குளம்பிலும் தைக்கும். சேற்றில் கிடக்கும் கண்ணாடி கண்ணுக்குத் தெரிவதில்லை, பல ஆண்டாயினும் மக்குவதுமில்லை. துண்டுகளை நாடாவோடு சுருட்டி, தடித்த சாக்கிலோ பழைய தகரத்திலோ கட்டி, கண்ணாடி வெட்டிய கடையிலேயே கொடுத்துவிடலாம். பலகை உடைந்த இடத்தை ஈரத்துணியால் இருமுறை துடைத்து, அத்துணியையும் அதே சாக்கில் இடவேண்டும்.